நீல நாடா கட்டிய மீன்

தடதடவென்று ஒரு சத்தம் கேட்டதே, அதற்குத்தானே இப்படித் துள்ளினீங்க? பயப்படாதீங்க தம்பி. ஐஸ் பாளம் சறுக்கி விழுகிற சத்தம் அது. அடுத்து நறநறவென்று ஒன்று வரும் பாருங்க, அது அந்தப் பாளத்தை மிஷின் மெல்லுகிற சத்தம். உள்ளே ஒன்றும் தெரியவில்லையா? வெயிலில் இருந்து நுழைகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க, முதலில் சுவர் தெரியும், அப்புறம் நான் தெரிவேன்.

அந்தச் சாக்கை மடித்துப் போட்டு உட்காருங்க. வெறும் சிமெண்டில் உட்கார்ந்தால் ஈரம் ஏறிவிடும். உங்களுக்கு முன்னால் இரண்டு வள்ளத்துக்கும் ஒரு இறால் வண்டிக்கும் ஐஸ் உடைக்கணும். வண்டிக் கதவில் 'அலைமடி' என்று எழுதியிருக்கிறதே, நீங்க அந்தக் கம்பெனிக்குப் புது டிரைவரா? அதுதானே பார்த்தேன். பழைய டிரைவர் உள்ளேயே வர மாட்டார். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டுக் கையைக் காட்டுவார். இந்தக் கதையை அவர் நாலைந்து தடவை கேட்டுவிட்டார். நீங்க கேட்டதில்லை.

என் பெயர் பெலவேந்திரன். அந்தப் பெயரைச் சொல்லி வெள்ளித்துறையில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ஐஸ்காரர் என்று கேட்கணும். கடலுக்குப் போகிற ஊரில் கடலுக்குப் போகாத ஆள் நான். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கரையில் நின்று அலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாலே வயிறு புரளும். பிறந்தது உள்ளே, கரிசல் பக்கம். இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எனக்குக் கித்தேரியைக் கட்டிவைத்தபோது என் மாமனார், "இந்த மருமகனைக் கடல் கொண்டு போயிரும்ங்கிற பயம் மட்டும் நமக்கு இல்ல" என்று ஊரெல்லாம் சொன்னாராம். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வந்த நாள் முதல் இந்த ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. வெயில் தாழ ஏறினால் விடிந்துதான் இறக்கம். ராத்திரி வேலைக்காரனுக்கு இரண்டே வழி. ஒன்று குடிக்கணும், இல்லை வாசிக்கணும். குடித்தால் வயிறு புரளும். அதனால் வாசித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, மற்ற படிப்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் படித்ததுதான். அந்தப் படிப்பில் ஒரு குறை உண்டு தம்பி. எல்லாம் பாதியில் கிழிந்திருக்கும். பூமி எப்படி நெருப்பு உருண்டையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது.

கித்தேரிக்கு மீன் வியாபாரம். விடியும் முன்னாலேயே கரைக்குப் போய் வலைமீனை ஏலத்தில் எடுத்து, ஏரல் சந்தைக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விற்றுவிட்டுப் மூணு மணிக்கு மேல்தான் வருவாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பாய் சுருட்டிக் கிடக்கும். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். எப்படி வரும்? அவள் முழித்திருக்கும்போது நான் தூங்குவேன், நான் முழித்திருக்கும்போது அவள் தூங்குவாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அந்த நேரத்துக்குள் அவள் குழம்பு வைத்து, நான் சாப்பிட்டு, கிளம்பிவிடணும். சண்டை போட வேண்டும் என்றால் குழம்பை விடணும்.

அந்தக் குழம்பை எப்படி விடுவது? அது கறிமீன் குழம்பு. உங்க பக்கத்தில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. இங்கே தூண்டில் வள்ளம் கடலில் நிற்கும்போதே ஒரு வாளி தனியாக ஒதுங்கிவிடும். நல்ல மீனாகப் பார்த்துப் போடுவார்கள். போன ஆள் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் அதில் உண்டு. வள்ளத்தை மணலில் ஏற்றித் தள்ளினவனுக்கு உண்டு. அக்கா தங்கச்சிக்கு உண்டு. எங்கள் தெருவில் எரமியாள் என்று ஒருத்தி, புருசனைக் கடலில் விட்டவள், அவள் வாசலுக்கு எந்த வள்ளத்தில் இருந்தாவது தினமும் ஒன்று போய்ச் சேர்ந்துவிடும். யார் வைத்தார்கள் என்று அவளும் கேட்க மாட்டாள், வைத்தவனும் சொல்ல மாட்டான். கறிமீனுக்கு விலை கிடையாது, எடை கிடையாது. முக்கியமானது என்னவென்றால், எண்ணக் கூடாது. ஒருத்தன் வாளிக்குள் எட்டிப் பார்ப்பது, அடுத்த வீட்டு அடுப்பில் கிடக்கிற சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். மரியாதை தெரிந்தவன் செய்ய மாட்டான். அதனால் கறிமீனை இங்கே யாரும் பிடித்த மீனோடு சேர்த்துப் பேசுவதில்லை. பிடித்த மீன் என்றால் ஏலத்துக்கு வருவது. கறிமீன் கறி. என் மச்சினன் தொம்மை வள்ளத்துக் கறிமீனைத்தான் நாங்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குழம்பின் ருசியைப் பற்றிச் சொல்வதற்காக. கதைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கதை உங்க கம்பெனி வந்ததில் ஆரம்பிக்கிறது.

தாரிணி என்று ஒரு பிள்ளை. கோயம்புத்தூர்க்காரி. பெரிய தொப்பி, தோளில் ஒரு பை, வாயில் எப்போதும் ஒரு கடலை மிட்டாய். கரையில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது. அலைமடியில் மீன்குழம்பைப் பாக்கெட்டில் அடைத்து விற்கப் போகிறார்களாம், வெந்நீரில் பாக்கெட்டைப் போட்டு எடுத்தால் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாமாம். அதற்கு விசைப்படகு லாஞ்சுக்காரன் மடிவலையை இழுத்துக் கடலின் அடிவயிற்றோடு வாரிக்கொண்டு வருகிற மீன் வேண்டாம். குஞ்சு மீன் வேண்டாம். தூண்டிலில் ஒன்று ஒன்றாக ஏறின மீன்தான் வேண்டும், நாளைக்கும் கடலில் மீன் இருக்கணும் என்று சொன்னது.

"நாளைக்கு இருக்கட்டும் பிள்ளே, இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்டான் தொம்மை. விலையைச் சொன்னதும் பின்னால் நின்றவர்களெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தூண்டில்காரனுக்கு அப்படி ஒரு விலையை யாரும் சொன்னதில்லை.

பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து அதன் மூலையில் இருந்த கட்டம் கட்டமான படத்தைக் காட்டியது. வாங்குகிறவர்கள் அதைப் போனில் காட்டினால், மீன் எந்த வள்ளத்தில் ஏறியது, என்றைக்கு ஏறியது, யாருடைய வள்ளம், எல்லாம் தெரியுமாம்.

"நான் கடலுக்குப் போகாம படுத்துக் கிடந்த நாளும் தெரியுமா?" என்றான் தொம்மை.

"அது உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தாங்க தெரியும்" என்றது அந்தப் பிள்ளை. அன்றைக்கே ஊருக்குப் பிடித்துவிட்டது.

எல்லாம் ஒரு நாடாவில்தான் நடக்கும். நீல நாடா, உள்ளே மெல்லிசாகக் கம்பி வைத்தது, முறுக்கினால் இறுகும். நாடாவில் வள்ளத்தின் எண் அச்சடித்திருக்கும். மீன் தூண்டிலை விட்டுக் கழன்ற உடனே, கடலிலேயே, வாலில் முறுக்கிவிடணும். "ஏறுன மீனுக்கெல்லாம் கட்டணுங்க, ஒன்னைக்கூட விடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. காலையில் வள்ளத்துக்கு ஒரு கட்டு நாடா எண்ணிக் கொடுக்கணும், மத்தியானம் வள்ளம் கரை ஏறினதும் மிச்ச நாடாவை வாங்கிக்கொண்டு பெட்டியில் இருக்கிற மீனை எண்ணணும். இரண்டும் ஒத்துப்போகணும். அதற்குக் கரையில் ஒரு ஆள் வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஆள், எந்த வள்ளத்திலும் பங்கு இல்லாத ஆள். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.

பகல் வேலை தம்பி. நீங்க பகலில் வண்டி ஓட்டுகிறவர், உங்களுக்கு அது புரியாது. எனக்குச் சட்டை கொடுத்தார்கள், நீலத்தில், பையின் மேல் அலைமடி என்று தைத்திருந்தது. கொள்முதல் கண்காணிப்பாளர். கித்தேரி அந்தச் சட்டையை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "அப்ப ராத்திரி வீட்டுலயா இருப்பீங்க?" என்றாள். "ஆமா" என்றேன். "சரி, இன்னொரு தலையணை வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ஆனால் அன்றைக்கே வாங்கிவிட்டாள்.

முதல் நாளே கணக்கு உதைத்தது.

ஒரு வள்ளத்தில் அல்ல, எல்லா வள்ளத்திலும். போன நாடா கூடுதல், வந்த மீன் குறைவு. நான் மறுபடி எண்ணினேன், தலைகீழாக எண்ணினேன், சிலுவை என்று தொம்மை வள்ளத்தில் போகிற கிழவரை உட்காரவைத்து அவரையும் எண்ணச் சொன்னேன். குறைவுதான்.

"ஏலே தொம்மை, பிடிச்ச மீனெல்லாம் இதுதானா?"

"இதுதான் அத்தான்."

"ஒன்னுகூட விடலையே?"

"மாதா மேல சத்தியமா இதுதான்."

"அப்ப நாடா எங்க போச்சு?"

"நாடாவுக்கு நான் என்ன அத்தான் செய்ய? காத்துல போயிருக்கும்."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், குழந்தை முகம். அதனால் எனக்குச் சந்தேகம் அவன் மேல் போகவில்லை, வெளியே போனது. யோசித்துப் பாருங்க. ஒரு நாடா காணோம் என்றால், அந்த நாடா எங்கேயோ ஒரு மீனின் வாலில் இருக்கிறது. எந்த மீனின் வாலில்? லாஞ்சு மீனின் வாலில். லாஞ்சுக்காரர்கள் நம் நாடாவைத் திருடி, அவர்கள் வாரினதைத் தூண்டில் மீன் என்று எங்கேயோ தள்ளுகிறார்கள். இதை நான் போனில் சொன்னதும் தாரிணி கடலை மிட்டாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. "எங்க ஆபீஸ்லயும் அதைத்தாங்கண்ணா பயப்படறாங்க" என்றது.

அதிலிருந்து நான் தூங்கவில்லை. ஏற்கெனவே ராத்திரியில் தூங்கிப் பழக்கமில்லாதவன், காரணமும் கிடைத்துவிட்டது. சந்தேகப்பட ஆரம்பித்தால் ஊரில் ஒரு ஆள் மிச்சமில்லை. ஏலம் கூறுகிற ரொசாரி மேல் சந்தேகப்பட்டு, அவர் வேட்டி மடிப்பு ஏன் இன்றைக்குப் பெரிதாக இருக்கிறது என்று பின்னாலேயே போனேன். உள்ளே வெற்றிலைப் பெட்டி. ஒரு கூழைக்கடாவைச் சந்தேகப்பட்டேன். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களைச் சந்தேகப்பட்டு, அவர்கள் சட்டியில் என்ன குழம்பு என்று விசாரித்தேன். சாம்பார். அவர்கள் வெளியூர், ஆகையால் விசாரிக்கலாம்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நீல நாடா. கித்தேரி மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை நீல நாடாவால் முறுக்கியிருப்பாள். சாவிக்கொத்தில் ஒன்று. கொடிக்கம்பியில் துணி பறக்காமல் இருக்க வரிசையாக ஏழெட்டு. அவ்வளவு சிக்கனக்காரி. கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, "நம்பர் போட்ட நாடா, இப்படிப் போட்டு வைக்காத" என்று கண்டித்தேன். "ஏன், நல்லா இறுகுதே" என்றாள். பெண்களிடம் கம்பெனி விஷயம் பேசி என்ன பயன்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நானே வள்ளத்தில் போய்ப் பார்ப்பது.

ஊரே கரைக்கு வந்துவிட்டது தம்பி, சப்பரம் பார்க்க வருகிற மாதிரி. கித்தேரி எலுமிச்சம்பழம் இரண்டைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே போங்க" என்றாள். முதல் பழம் அலை உடைகிற இடத்தைத் தாண்டும் முன்னாலேயே கடலில் விழுந்துவிட்டது. இரண்டாவதைக் கடித்தேன். அப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டாம், நீங்க இனிமேல்தான் சாப்பிடுவீங்க. நான் வள்ளத்தின் அடிப்பலகையில் கிடந்தேன். தலைமாட்டில் ஒரு வாளி. அதைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணை மூடவில்லை. கடமை என்று ஒன்று இருக்கிறதே. சிலுவைக் கிழவர் மீனை ஏற்றுவார், தொம்மை வாலில் நாடாவை முறுக்குவான், மீன் பெட்டிக்குள் போகும். லாஞ்சு ஏதாவது பக்கத்தில் வருகிறதா என்று நான் நாலு திசையும் பார்ப்பேன். வரவில்லை. நடுவில் தொம்மை ஒரு விளமீனை, சிவப்பாக, தளதளவென்று, நாடா முறுக்கி என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அத்தான், அக்காவுக்கு இது போதுமா, சின்னதா இருக்கோ?"

"அதுக்கு முன்னாடி ஒன்னு ஏறிச்சே, தலை பெருசா, அதைப் போடு. புளியைக் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சு விட்டா..." என்றேன். புளி என்று சொன்னதும் மறுபடி வந்துவிட்டது. நான் வெளியே தலையை நீட்டித் திரும்புவதற்குள் அவன் அந்த மீனை வாளியில் போட்டுவிட்டான். நல்ல பையன், சொன்ன மீனையே போட்டான்.

கரை ஏறினோம். என்னை இரண்டு பேர் தூக்கி மணலில் வைத்தார்கள். படுத்தபடியே, "எண்ணுங்க" என்றேன். எண்ணினார்கள்.

குறைகிறது.

நான் கூடவே இருக்கும்போது தம்பி. என் கண் முன்னால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாரிணி போனில், "நீங்க முழுசா பார்த்தீங்களாண்ணா?" என்று கேட்டது. "லாஞ்சு எதுவும் கிட்ட வரலம்மா. ஒரு நாடா வெளிய போகல. ஆனா குறையுது" என்றேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னது. இப்படியே போனால் அடுத்த மாதத்தோடு வெள்ளித்துறையில் எடுப்பதை நிறுத்திவிடச் சொல்லி மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

ஊர்க் கமிட்டி கூடியது. வலையை மடித்து வைத்துவிட்டுத் தூண்டிலுக்குத் திரும்பினவர்களெல்லாம் வந்திருந்தார்கள். ரொசாரிதான் ஆரம்பித்தார். "எங்க அப்பா காலத்துல இருந்து மீன் பிடிக்கோம். ஒரு நாளும் காணாமப் போனதில்ல. இவரு எண்ண ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான் காணாமப் போகுது."

"அப்ப நான் திருடுறேங்கிறீரா வே?"

"நீரு திருட மாட்டீரு. உமக்கு மீனைத் தூக்கிட்டு ஓடத் தெம்பு கிடையாது. ஆனா எண்ணுறதை நிறுத்தும்."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். இந்த வேலை போனால் பழைய வேலை. பழைய வேலை என்றால் பழைய ராத்திரி. புதுத் தலையணைக்கு உறை தைத்துப் பூப் போட்டிருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறு வாரம் தாரிணி நேரில் வந்தது. ஊரில் ஓட்டல் கிடையாது, ஆகையால் எங்கள் வீட்டில் சாப்பாடு. கித்தேரி அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. தொம்மை வள்ளத்தில் வந்த பெரிய விளமீனைத் துண்டு போட்டு, தேங்காய் அரைத்துவிட்டு, மாங்காய் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை ஒரு வாய் வைத்ததும் பேசுவதை நிறுத்திவிட்டது. இரண்டாவது முறை சோறு வாங்கியபோதுதான் நிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைப் பார்த்தது. கொடிக்கம்பியைப் பார்த்தது. ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்டியிருந்ததைப் பார்த்தது. அடுப்பு மூலையில் மீனை அரிந்த பலகை, அதில் வெட்டிப்போட்ட வால், வாலில் நாடா.

"அண்ணா, இந்த மீன் ஏதுங்க?"

"மச்சினன் வள்ளத்துல உள்ளது. கறிமீன்" என்றேன். கறிமீன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொன்னேனே, அதே மாதிரி முழுவதும் விளக்கினேன். யார் யாருக்கு, எந்த வழக்கம், ஏன் எண்ணக் கூடாது. நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அப்ப இதுதானேங்கண்ணா காணாமப் போன மீன்?"

எனக்குச் சிரிப்பு. "அம்மா, இது கறிமீன். நாம தேடுறது பிடிச்ச மீனை."

"இதுவும் பிடிச்சதுதானேங்க?"

"பிடிச்சதுதான். ஆனா பிடிச்ச மீன் இல்ல."

எவ்வளவு படித்திருந்தாலும் சில விஷயம் பிடிபடாது பாருங்க. நான் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கப் போனேன். கித்தேரி சிரிக்கவில்லை. அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "அப்ப இனிமே கறிமீன் எடுக்கக் கூடாதா பிள்ளே?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. "ஆபீஸ்ல ரெண்டு வழிதாங்கக்கா ஒத்துக்குவாங்க. ஒன்னு, ஏறுன மீன் அத்தனையும் பெட்டிக்கு வரணும். அப்படின்னா அண்ணன் மாதிரி ஒருத்தர் தினமும் கரையில நின்னு, வள்ளம் ஏற ஏற ஒவ்வொருத்தர் வாளியையும் திறந்து பார்க்கணும். அண்ணன் வேலை நிரந்தரம் ஆயிருமுங்க. இன்னொன்னு, கறிமீனை முதல்லயே ஒதுக்கி வச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் நாடா கட்டறது. எங்களுக்கு வேண்டியது பாக்கெட்டுக்குள்ள போற மீன் சுத்தமா இருக்கணும்ங்கறதுதான். அதுக்குக் கரையில ஆளே வேண்டாம், வள்ளத்துக்காரங்களே பார்த்துக்குவாங்க." பிறகு என்னைப் பார்த்தது. "நீங்கதாங்கண்ணா பொறுப்புல இருக்கறவரு. நீங்க சொல்றதை அப்படியே எழுதி அனுப்பிடறேன்."

நிரந்தரம் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். கித்தேரி என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எரமியாள் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. அந்த வாசலுக்குப் போகிற வாளியை நான் மறித்து, இந்த நீலச் சட்டையோடு குனிந்து, உள்ளே கையை விட்டு எண்ணுவது மாதிரி ஒரு தோற்றம் கண்ணில் வந்தது. வந்தது, போனது. அவ்வளவுதான்.

"கறிமீன் மீனே இல்லம்மா" என்றேன். "அதுல நாடா கட்டினதே தப்பு. கட்டினவனைத்தான் கண்டிக்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதுங்க."

நான் சொன்னது இவ்வளவுதான் தம்பி. ஒரு விளக்கம். ஒரு பொருளுக்கு என்ன பெயர் என்று ஒருத்தர் கேட்டால் சொல்ல மாட்டோமா, அந்த மாதிரி. அதைப் போய் முடிவு என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டது அந்தப் பிள்ளை. அங்கேதான் எனக்கு வருத்தம். கித்தேரியும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சட்டியைச் சாய்த்து மீன்தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் தலை அவளுக்கு. கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படித்தான், காய்ச்சலில் கிடந்து கேட்டபோதுகூடத் தந்ததில்லை. "இதுல முள்ளு கிடையாது, சாப்பிடுங்க" என்றாள். தலையில் முள் கிடையாதாம். அந்தப் பிள்ளை முன்னால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த நாளில் இருந்து வாளி ஒதுங்கின பிறகுதான் நாடா. கணக்கு ஒத்துப்போயிற்று. ஒன்றுகூடக் குறையவில்லை. மேலிடத்தில் ஒரே சந்தோஷமாம். வெள்ளித்துறை மீன் எடுப்பதை நிறுத்தும் பேச்சும் நின்றது, என் வேலையும் நின்றது. சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, அது ஒரு மரியாதை. தொம்மை பாக்கெட் ஒன்று வாங்கிப் போனில் காட்டிப் பார்த்தான். அவன் வள்ளம் வந்தது. ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். குழம்பை மட்டும் ருசி பார்த்துவிட்டு, "இதுல அக்கா கை இல்ல" என்றான்.

ஆனால் ஒன்று கவனிச்சீங்களா? திருடன் அகப்படவில்லை. அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. நான் அந்தப் பிள்ளையைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "இப்ப கணக்கு சரியா வருதுன்னா, அப்ப குறைஞ்ச மீனெல்லாம் எங்கம்மா போச்சு?" அது, "ரொம்ப ருசியா இருந்துச்சுங்கண்ணா" என்றது. கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் உண்டா? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். எனக்கு இன்றைக்கும் லாஞ்சுக்காரர்கள் மேல்தான் சந்தேகம். ரொசாரியையும் முழுதாக விட்டுவிடவில்லை.

சிரிக்கிறீங்க. சிரிங்க. பழைய டிரைவரும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்.

வேலை போனது பெரிசு இல்லை தம்பி. வெயிலில் நின்று நின்று கழுத்து கறுத்ததுதான் மிச்சம். எனக்கு வருத்தம் வேறு. யாரிடமும் சொன்னதில்லை, பழைய டிரைவரிடமும் சொன்னதில்லை. அந்த மாதங்களில் ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்காது என்றேனே, அப்போது பக்கத்தில் படுத்திருந்து கேட்பேன். கித்தேரி தூக்கத்தில் ஏலம் கேட்கிறாள். இத்தனை வருசம் கட்டிக் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. திடீரென்று, "முந்நூறு" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "முந்நூத்தம்பது" என்பாள். எதிரே ஆள் இல்லாமல் அவள் மட்டும் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போவாள். பாவமாக இருந்தது. ஒரு நாள் நான் மெதுவாக, "நானூறு" என்றேன். உடனே, "நானூத்தம்பது" என்றாள், கண்ணைத் திறக்கவில்லை. ஐந்நூறு வரைக்கும் போனேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, "எடுத்துக்கோ போ" என்று புரண்டு படுத்துவிட்டாள். ஒரு கூடை சாளை மீன் எனக்கு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கப்புறம் தினமும் அதற்காகவே முழித்துக் கிடந்தேன். விட்டுக்கொடுப்பேன் பெரும்பாலும். காலையில் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள்.

பொழுது அடைந்ததும் படுத்துவிடுவாள். எதிரே ஏற்றிக் கேட்க ஆள் கிடையாது. அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.

நறநறவென்று சத்தம் மாறிவிட்டது பாருங்க, உங்கள் பாளம்தான் உள்ளே போகிறது. வண்டியைப் பின்பக்கமாக எடுத்து அந்தச் சறுக்குப் பலகைக்கு நேராக நிறுத்துங்க. பெட்டிக்கு அடியில் ஒரு வரிசை ஐஸ், மீனுக்கு மேலே ஒரு வரிசை. அள்ளிக் கொட்டாதீங்க, மீன் நசுங்கும். போகும்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போங்க, குளிர் வெளியே போய்விடும். அந்த மூலையில் ஒரு வரிசை டின் காலியாகக் கிடக்கிறது, விடிவதற்குள் உறையணும். இந்தக் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க தம்பி. போதும், நான் பிடித்துக்கொள்கிறேன். தண்ணீர் விடணும்.